கொடுத்தாலும் அட்வான்ஸ்! வாங்கினாலும் அட்வான்ஸ்!



சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? வியாபாரிகள் போயிருப்பீர்கள். காலண்டர் அடிக்க, பில் புத்தகம் அடிக்க, கடைக்கு அட்டைப்பெட்டி வாங்க என்று அந்தப் பக்கம் போகாத வியாபாரி யார்? ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே நின்று பார்த்திருக்கிறீர்களா?

சனிக்கிழமை சம்பள நாள். ஆலை வேன்கள் வந்து நிற்கின்றன. பெண்கள் இறங்குகிறார்கள். சிலருடைய கைகளில் அலுமினியப் பவுடர் வெள்ளிப் பூச்சாக மின்னுகிறது. எவ்வளவு கழுவினாலும் ரேகைக்குள் இருப்பது போவதில்லை. ஒரு வாரக் கூலி அந்தக் கையில் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது பாதியாகிவிடும். முதலில் மளிகைக் கடைப் பாக்கி. அடுத்து மகளிர் குழுவின் தவணை. தெரு முனையில் பைக்கில் சாய்ந்து நிற்கும் வட்டிக்காரர். கடைசியாக வாசலில் வீட்டுக்காரர்!

அங்கே ஒரு நண்பரின் மளிகைக் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா வந்தார். சில நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, "பாய், இந்த வாரம் பாதிய வச்சிக்கிடுங்க. வாடகைக்குன்னு வந்து உக்காந்திருக்காக" என்றார். நண்பர் மறு பேச்சுப் பேசவில்லை. நோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு பாக்கி நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த அம்மா போன பிறகு என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், இவங்க யாரும் ஏமாத்துறவங்க இல்ல. வாங்குற கூலிக்கும் கொடுக்குற வாடகைக்கும் தேதிதான் ஒத்துவரல."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆம் சகோதரர்களே! கூலி குறைவு என்பது பாதிப் பிரச்சினை. வருகிற பணம் வருமா வராதா என்று தெரியாது. போகிற பணம் மட்டும் தேதி தவறாமல் போயாக வேண்டும் என்பது மீதிப் பிரச்சினை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 26 நாள் வேலை நடந்தால் 13,000 ரூபாய். வாடகை 4,000 கொடுத்துவிட்டால் மீதி 9,000. கையைக் கடித்தாலும் ஓட்டிவிடலாம் போலத் தெரிகிறது அல்லவா? அதே மாதத்தில் 10 நாள் வேலை இல்லாமல் போகட்டும். வருமானம் 8,000. வாடகை அதே 4,000. சம்பாத்தியத்தில் சரிபாதி கூரைக்கே போய்விட்டது! மீதியில்தான் சோறு, பள்ளிக்கூடம், மருந்து, கல்யாணம், காதுகுத்து எல்லாம்.

பட்டாசுத் தொழிலில் 10 நாள் வேலை போவதற்கு அதிசயம் எதுவும் நடக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் காய வைக்க முடியாது, வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் ஆலை மூடும், வேலை இல்லை. பக்கத்து ஆலையில் விபத்து நடந்தால் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள். அப்போதும் வேலை நிற்கும். குழாய் உருட்டுவது, திரி வைப்பது, பெட்டி கட்டுவது பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. பொருள் வந்து சேரவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்றது. இப்படித் தொழில் நடத்த முடியாது என்று உற்பத்தியாளர்கள் நவம்பரில் ஆலைகளை மூடினார்கள். 2019 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஏறத்தாழ நான்கு மாதம்! டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளும் குழந்தைகள்தான். ஆனால் வழக்குப் போட்டவர்கள், வாதாடியவர்கள், தீர்ப்பளித்தவர்கள், ஆலையை மூடியவர்கள் ஆகிய இவர்களில் யாராவது அந்த நான்கு மாதமும் லைன் வீடுகளில் வாடகை யார் கொடுப்பது என்று கேட்டார்களா? ஆலை மூடியிருந்தது. வீட்டுக்காரரின் வாசல் மூடவில்லை.

2020 ஊரடங்கில் மட்டும் ஒரு முறை கேட்டார்கள். மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளிகளிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, கூலியைப் பிடித்தம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மே மாதம் முடிவதற்குள் அந்த உத்தரவே காலாவதியாகிவிட்டது. கூலியும் வாடகையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பது அரசாங்கத்துக்கும் தெரியும் என்பதற்கு அந்தக் காகிதம் ஒன்றே சாட்சி!

இரண்டு பூட்டு, ஒரே பெயர்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நமது ஊர்களில் அட்வான்ஸ் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

முதலாளி தொழிலாளிக்குக் கொடுப்பதும் அட்வான்ஸ். தீபாவளி முடிந்து வேலை இல்லாத நாட்களில் கை நீட்டி வாங்கிய பணம். அதை வாங்கிவிட்டால் பக்கத்து ஆலையில் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் போக முடியாது. கழித்து முடிக்கும்வரை காலைக் கட்டிய கயிறு அது. தொழிலாளி வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் அட்வான்ஸ். இது முழுவதும் தொழிலாளியின் சொந்தப் பணம். ஆனால் வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது. கூரை ஒழுகினாலும், தண்ணீர் வராவிட்டாலும், வாடகையைத் திடீரென்று ஏற்றினாலும் அவர் வெளியேற முடியாது. ஏனென்றால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் இந்த வீட்டுக்காரரிடம் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது!

வாங்கிய அட்வான்ஸ் வேலையோடு கட்டிப்போட்டது. கொடுத்த அட்வான்ஸ் வீட்டோடு கட்டிப்போட்டது. இதில் இரண்டாவதைக் கட்டுவதற்காகவே முதலாவதை வாங்கியவர்கள் எத்தனை பேர்! முதலாளியிடம் வாங்கி அப்படியே வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வெறுங்கையோடு நிற்கிறான் தொழிலாளி. (ஒத்திக்கு வீடு பிடிப்பவர்களின் கதை வேறு. நகையை அடகு வைத்து ஒத்திப் பணம் கட்டுவதிலும், அந்த ஒத்தி மார்க்கத்தில் கூடுமா என்பதிலும் தனியாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.)

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! கடனைக் காட்டி ஒருவனை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது கொத்தடிமை முறை என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று 1982ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பசி என்ற சாட்டையும் சாட்டைதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வாடகைக்கும் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்தை நீக்கிவிட்டு 2017ல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகைக்காரரைத் துரத்துவதற்காகத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. ஆனால் அந்த மூன்று மாத வரம்பில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதுவே செல்லுமாம். வீடு கிடைக்காமல் தெருத்தெருவாக அலைகிறவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டான்?

தேதி ஒத்துவராத அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வந்து உட்காருகிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் எரிந்து கரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கலெக்டரிடம் பல முறை மனுக் கொடுத்த குடும்பம் அது! 2025ல், கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. வரட்டும். நல்லதுதான்.

வாடகை நெருக்கும்போது சிலர் எடுக்கும் இன்னொரு வழியையும் இந்தப் பகுதிக்காரர்கள் அறிவார்கள். கருந்திரி! வீட்டிலோ, தோட்டத்துக் கொட்டகையிலோ வைத்துத் திரி செய்து கொடுத்தால் அன்றன்றைக்குக் காசு. அனுமதி கிடையாது, பாதுகாப்புக் கிடையாது. பிடித்தால் வழக்கு, பற்றினால் மரணம். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிப்போனார்கள். அவை ஆலைகள்! அங்கேயே அந்த நிலை என்றால், சமையல் அடுப்பும் திரியும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் வாடகை வீட்டின் நிலையை யோசித்துப் பாருங்கள். பேராசையால் யாரும் இதைச் செய்யவில்லை. ஒன்றாம் தேதி வருகிறது, அதனால் செய்கிறார்கள்.

முன் வரிசையில் இருப்பவர் யார்?

இதுவரை படித்துவிட்டு "பாவம், சிவகாசித் தொழிலாளிகள்" என்று உச்சுக் கொட்டினீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் பேச வந்தது நம்மைப் பற்றி.

ஒரு ஊரில் ஜும்ஆ மேடையில் கூலியைப் பற்றிப் பேசினேன். கூலிக்காரரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இப்னு மாஜாவில் பதிவாகியிருக்கிறது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற செய்தி புகாரியில் இருக்கிறது. இரண்டையும் விளக்கிச் சொன்னேன். பலர் தலையை ஆட்டினார்கள். தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் என் பக்கத்தில் வந்தான். இருபது வயது இருக்கும். மெதுவாகச் சொன்னான்: "ஹஜ்ரத், எங்க முதலாளி முன் வரிசையிலதான் இருந்தாரு. எனக்கு மூணு மாசச் சம்பளம் பாக்கி."

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த முதலாளியின் வீட்டில்தான் எனக்குப் பகல் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிரியாணி இன்னும் தொண்டையில் நிற்கிறது சகோதரர்களே!

ஆகவே இப்போது கேட்கிறேன். வியாபாரியே! உமது கடையில் நிற்கும் பையனுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்று உமக்குத் தெரியுமா? "சாப்பாடு போடுகிறேன், பெருநாளைக்குத் துணி எடுத்துத் தருகிறேன்" என்கிறீர். துணி அன்பளிப்பு, சம்பளம் அவனுடைய உரிமை. ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்காது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததே, உமது கடையில் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போனால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். வியர்வை உலர்வதற்குச் சட்டம் ஏழு நாள் தவணை கொடுக்கிறது. மூன்று மாதத் தவணையை உமக்குக் கொடுத்தது யார்?

"ஹஜ்ரத், உங்களுக்கு வியாபாரம் தெரியாது" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2016 நவம்பரில் ஒரே இரவில் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தது, இப்போது வாடிக்கையாளர் செல்போனிலேயே சாமான் வாங்குகிறார். நீங்களும் வாடகைக் கடையில்தான் இருக்கிறீர்கள். கடைக்காரர் அட்வான்ஸை ஏற்றிக் கேட்டபோது எத்தனை இரவு தூங்காமல் புரண்டீர்கள் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அந்த வலி தெரிந்த நீங்கள், மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டபோது எத்தனை மாத அட்வான்ஸ் கேட்டீர்கள்?

கரண்ட் பில்லையும் கொஞ்சம் பார்ப்போம். வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. லைன் வீட்டில் குடியிருப்பவருக்கு அது கிடைக்கிறதா? சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கணக்கு. ஏழைக்கு அரசு விட்டுக்கொடுத்ததை இடையில் நின்று வாங்கிக்கொள்கிறோம். கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்கிறோம்.

அட்வான்ஸ் என்பது என்ன? அமானிதம்! வாடகைக்காரர் வீட்டைக் காலி செய்தால் அவருடைய பணத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன்" என்கிறார்களே, அடுத்தவருடைய பணம் வந்தால்தான் இவருடைய பணத்தைக் கொடுக்க முடியும் என்றால் இவருடைய பணம் எங்கே போயிற்று? செலவழித்துவிட்டீர்கள் என்றுதானே பொருள்? பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடுகளையும் கடைகளையும் நிர்வகிக்கும் முத்தவல்லிகளுக்கும் இதே கேள்விதான். வக்ஃபு சொத்துக்குச் சட்டம் வேறாக இருக்கலாம். அமானிதம் வேறாக முடியாது.

இதைச் சொல்லும் என்னைப் போன்றவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேஷ் இமாமுக்கும் முஅத்தினுக்கும் என்ன சம்பளம் கொடுக்கிறோம்? பள்ளிவாசலை ஒட்டி ஒரு அறை. நிர்வாகத்துக்குப் பிடிக்காவிட்டால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். இளம் வயதில் நான் ஒரு பள்ளியில் இமாமாக இருந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாளில் அறையைக் காலி செய்தவன். எட்டு ஊர் அட்வான்ஸைக் கேட்டுவிட்டுக் கடைசியில் மாமனார் வீட்டுத் திண்ணையில் போய் இறங்கினேன். நாரணாபுரத்து அம்மா "பாதிய வச்சிக்கிடுங்க" என்று சொன்னபோது என் நெஞ்சு அடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர்களால் முடிந்தது

விருதுநகர், சிவகாசிப் பகுதியில் நாடார் சமுதாய வியாபாரிகள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உறவின்முறை என்று ஒன்றாகக் கூடினார்கள். ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை என்று ஒரு சிறு பகுதியை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவில் படித்த பிள்ளைதான் பின்னால் முதலமைச்சரான காமராஜர். 1923ல் இரண்டு பேர், பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும், கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஊரே தொழில் நகரமானது. அந்தத் தொழிலில் இன்று கூலி குறைவு என்று நாம் குறை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஒன்றாகச் சேர்த்து வைத்த காசின் வலிமையை அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

நமக்கு பைத்துல்மால் இருக்கிறது. மார்க்கமே கற்றுத் தந்தது! ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். ஆனால் ரமளானில் ஆளுக்கு நூறு இருநூறு என்று சில்லறையாகப் பிரித்துக் கொடுத்து வாசலில் வரிசையை நிற்க வைக்கிறோம். அதில் ஒரு பகுதியைக் கடனில் மூழ்கியவர்களை மீட்க ஒதுக்கினால் என்ன? ஸகாத் அல்லாத நன்கொடையைத் தனியாகத் திரட்டி, வீட்டு அட்வான்ஸுக்கும் வேலையில்லாத மாதத்து வாடகைக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்தால் என்ன? மழை மாதத்தில் வாங்கி, வேலை மாதத்தில் வாராவாரம் சனிக்கிழமை கட்டட்டும். கூலி வரும் தேதியும் கடன் கட்டும் தேதியும் ஒத்துவர வேண்டும். என் மளிகைக்கடை நண்பர் சொன்ன மருந்து அதுதான். இது நமது மஹல்லாவோடு நிற்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதமானாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

வசூலாகுமா என்று சந்தேகப்படுவீர்கள். சில கடன் வராமல் போகும். கல்யாண மண்டபத்தில் மீந்து குப்பைக்குப் போகும் சாப்பாட்டின் விலையை விட அது அதிகமாக இருக்காது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை. போஸ்டர் ஒட்டுவதில் நீங்கள் சூரர்கள் என்பது தெரியும். இது அதைவிடச் சிறிய வேலை, ஆனால் சலிப்பானது. உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் பத்துக் குடும்பங்களைப் பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? கொடுத்த அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டாவது இருக்கிறதா? ஆலைக்குப் போகிறவர்களிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா, பிடித்த பணம் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியமே இருக்கிறது, அதில் பதிந்திருக்கிறார்களா? செல்போனில் சினிமாப் பாட்டுக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு இதைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா?

அந்தப் பையனின் மூன்று மாதச் சம்பளம் என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை அந்த ஊருக்கு என்னைப் பேச அழைத்தபோது, சாப்பாட்டை எங்கே ஏற்பாடு செய்யட்டும் என்று கேட்டார்கள். அதே முதலாளியின் வீட்டிலேயே செய்யுங்கள் என்றேன். ஆனால் பையனின் பாக்கியைத் தீர்த்த பிறகுதான் கை நனைப்பேன் என்று அவரிடம் சொல்லிவிடச் சொன்னேன். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது மாதத்துக்காக இன்னும் பட்டினியாகத்தான் இருக்கிறேன்.

வஸ்ஸலாம்.